ஃபேன் கொக்கி

லாட்ஜ் ரிஜிஸ்டரில் 'ஊர்' என்ற கட்டத்தில்
கிருஷ்ணகிரி என்று எழுதினார் இவர்.
கவுன்ட்டர் பையன் நிமிர்ந்து பார்த்தான்.
'இந்த ஊர் இல்ல சார், உங்க ஊரு.'
அதுவும் இதுதான் தம்பி என்றார்.
'அடுத்துச் செல்லும் இடம்' கட்டத்துக்கு வந்ததும்
கொஞ்சம் யோசித்து
ஒரு கோடு இழுத்துவிட்டார்.

வீடு இங்கிருந்து ஆறு தெரு.
போன மாசம் ஒரு ராத்திரி
முன்ரூம் கூரை பெயர்ந்து
இவர் கட்டில்மேல் விழுந்தது.
இவர் அப்போது ஒண்ணுக்குப் போயிருந்தார்.
சர்க்கரை வியாதியால் உயிர் பிழைத்தவர்
இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

நான் பின்ரூமில் இருந்தேன்.
பன்னிரண்டு வருஷமாகப் பின்ரூம்.
சண்டை ஒன்றுமில்லை.
முதலில் குறட்டை என்றோம்.
பிறகு பையனுக்குப் பரீட்சை, விளக்கெரியும் என்றோம்.
அவன் வேலைக்கென்று ஓசூர் போய்
நாலு பேரோடு ஒரு ரூமில் சேர்ந்த பிறகு
காரணம் கேட்க வீட்டில் ஆளில்லை.
ஆடும் மேஜைக்குக் கீழே மடித்து வைத்த காகிதம்
மேஜையோடு சேர்ந்துபோனது போல
அப்படியே இருந்துவிட்டது.

லாட்ஜில் இரண்டு ரூம் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
அவருக்கும்தான்.
இருநூற்று நாலு. டபுள் பெட். ஏசி கிடையாது.
மாசத்துக்கு மொத்தமாகப் பேசி பதினைந்தாயிரம்.

எதிர் ரூமில் மாங்கூழ் வாங்க வந்த சித்தூர்க்காரர்,
பக்கத்தில் போர்வெல் லாரி மெக்கானிக்குகள் மூன்று பேர்.
வராந்தாவில் பாதி மாம்பழ வாசம், பாதி கிரீஸ்.
என் பாவாடையை எங்கே காயப்போடுவது என்பதே
முதல் வாரம் முழுக்கப் பெரிய பிரச்சினை.

'அறையில் சமைக்கக் கூடாது' என்று
கதவில் ஒட்டியிருக்கிறது.
சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கெட்டிலில்
நான் ராகிக் கஞ்சி காய்ச்சுவேன்.
இவர் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு
கதவோரம் காவல் நிற்பார்.
எந்தச் சேனல் என்றுகூடப் பார்ப்பதில்லை,
ஒருநாள் முழுக்கக் கன்னடத்தில் பங்குச்சந்தை.
'ரெண்டாவது மாடி பூரா ராகி வாசனை மேடம்'
என்று மட்டும் சொன்னான் கவுன்ட்டர் பையன்.
மறுநாள் அவனுக்கும் ஒரு டம்ளர் போனது.

ராத்திரிகளைச் சொல்லவில்லையே.
கட்டிலின் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவர்,
நடுவில் ஒரு துண்டு,
யார் போட்டது என்று தெரியவில்லை.
முதல் நாள் குறட்டை வரட்டும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
ஃபேன் சுற்றுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.
மூன்றாம் நாள் காலையில்
பல் விளக்கிக்கொண்டே சொன்னார்:
'குறட்டை விடறது நீதான்.'
கோபம் வந்தது.
கொஞ்சம் பொறுத்து, வாய் கொப்பளித்துவிட்டு,
'தூக்கம் நல்லாத்தான் வந்துச்சு' என்றார்
கண்ணாடியைப் பார்த்து.

லாட்ஜ் சோப்பை அவர் சேர்த்துவைக்கிறார்.
பதினெட்டு ஆகிவிட்டது.
எதற்கு என்று கேட்டால் இருக்கட்டும் என்கிறார்.
துண்டு இப்போது நாற்காலிமேல் கிடக்கிறது.

இன்று சாயங்காலம் மேஸ்திரி முனிரத்தினம் போன் செய்தான்.
'அக்கா, கம்பி கட்டியாச்சு,
விடிஞ்சா கான்கிரீட்.
ஃபேன் கொக்கி எங்க விடறது?
பழையபடி முன்ரூம்ல ஒண்ணு, பின்ரூம்ல ஒண்ணா?
கட்டில் எங்க போடுவீங்கன்னு சொன்னா
நேரா மேல வர்ற மாதிரி விட்டுடுவேன்.
போட்டப்புறம் மாத்த முடியாது.'

கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த இவர்
ரிமோட்டைத் தேடி எடுத்து
டிவி சத்தத்தைக் குறைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
அடுத்த நகத்துக்கும் போகவில்லை.

கொஞ்சம் இருப்பா என்றேன்.
கீழே எவனோ
ஓசூர் ஓசூர் ஓசூர் என்று
பஸ்ஸைத் தட்டிக் கூவிக்கொண்டிருக்கிறான்.
முனிரத்தினம் லைனில்தான் இருக்கிறான்.
வெறும் கம்பிமேல் நிற்கிறான் போல,
போனில் காற்று கேட்கிறது,
எங்கள் வீட்டுக் காற்று.